யார் நடக்க இந்தத் தெரு? – வைத்திக்குப்பத்திலிருந்து புதுவையின் நடை வரலாறு

நடப்பது நமக்குப் பொழுதுபோக்காக ஒருநாளும் இருந்ததில்லை. நம் பாட்டன்மார் நடந்தது வேலைக்கு. பாட்டிமார் நடந்தது தண்ணீருக்கும் விறகுக்கும். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும், எந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதெல்லாம் எழுத்துப் படிப்பதற்கு முன்பே நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். எனவே நடையைப் பற்றி யார் பேசினாலும் நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 'நடப்பதற்கேற்ற நகரம்', 'மக்களை மையமாகக் கொண்ட குடியிருப்பு' என்று. அப்படியான ஒரு கூட்டத்துக்குப் புதுவையில் போயிருந்தேன். திரையில் படம் படமாக ஓடியது. அகலமான நடைபாதை, மரநிழல், பெஞ்சு, சைக்கிளுக்குத் தனிப்பாதை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் நடந்தவர்கள் எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். தலையில் கூடை வைத்தவர் ஒருத்தர்கூட இல்லை. கூட்டம் முடிந்ததும் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே நடந்தேன். குருசுக்குப்பம் தாண்டினால் வைத்திக்குப்பம். மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "நடக்கறதுக்கு நல்லா ரோடு போடப் போறாங்களாம் ஆயா" என்றேன். ஆயா நிமிர்ந்து பார்த்து, "நான் நடக்கறதுக்கா, அவுங்க நடக்கறதுக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் புதுவையின் தெரு வரலாற்றைக் கொஞ்சம் தோண்டித்தான் ஆகவேண்டும்.

*

புதுவையைப் 'பிரஞ்சு நகரம்' என்கிறோம். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து இறங்கினார் என்பது சரி. ஆனால் இந்த நேர்கோட்டுத் தெருக்களுக்கு முதல் கோடு போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் இருந்த அந்தச் சில வருஷங்களில்தான் ஆடுபுலிக் கட்டம்போல் ஊரை வகுத்து வரைபடம் போட்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் திரும்பி வந்த பிரஞ்சுக்காரர்கள் பழைய கோடுகளின் மேலேயே மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். ஆட்சி மாறினாலும் கோடு மாறவில்லை.

வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம். மேற்கே கறுப்பர் பட்டணம். இது எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கிற சங்கதி. புத்தகங்கள் மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போகிற இன்னொன்று, கறுப்பர் பட்டணத்துக்குள்ளே இருந்த பிரிவினை. வேளாளருக்கு ஒரு தெரு, செட்டிகளுக்கு ஒரு தெரு, பிராமணருக்கு ஒரு தெரு, நெசவாளருக்கு வேறு தெரு. முஸ்லிம்களுக்குத் தெற்கே ஒரு பகுதி. சம்பா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரன் ஒரு வாய்க்காலை எல்லையாக வைத்தான். நம்ம ஊர்ப் பெரிய மனிதர்கள் தெருவுக்குத் தெரு எல்லை வைத்துக்கொண்டார்கள். கோட்டைச் சுவர் இருந்த இடங்களில் பிற்பாடு புல்வார் சாலைகள் வந்தன. அந்த வட்டத்துக்கு வெளியேதான் வடக்கிலும் தெற்கிலும் மீனவக் குப்பங்கள். ஊரின் குப்பை, பிணம், தோல், சாக்கடை எல்லாவற்றையும் சுமந்த சேரிகளும் விளிம்பில்தான். நகரத்துக்கு உழைப்பு வேண்டும். உழைக்கிறவன் வீடு கண்ணில் படக்கூடாது. நகரத் திட்டம் என்ற சொல் வருவதற்கு முன்பே நடைமுறையில் இருந்த திட்டம் இது.

இன்றைக்குக் கட்டடக்கலை பயிலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிற இடம் தமிழர் பகுதி. அங்கே பழைய வீடுகளுக்கு முன்னால் தாழ்வாரம் இருக்கும். மரத்தூண், சரிந்த ஓட்டுக்கூரை. தெருவில் போகிறவனுக்கு வெயிலிலும் மழையிலும் நிழல். அதற்கு அடுத்து திண்ணை, வழிப்போக்கன் உட்கார. 'நடக்கிறவனை மதித்த கட்டடக்கலை' என்று புகழ்கிறார்கள். வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைப் பழையபடி மீட்டெடுத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. உழைத்த கொத்தர்களையும் தச்சர்களையும் நாமும் பாராட்டலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியாது: அந்தத் திண்ணையில் உட்கார்ந்த வழிப்போக்கன் யார்? சேரியிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தாழ்வாரத்தின் நிழல் கிடைத்ததா? சாதித் தெருவின் திண்ணை சாதிக்காரனுக்குத்தான் திண்ணை. நமக்கு அது வேலி. கூரையின் நிழல் விழுகிற அந்த நாலடி அகலத்துக்குள் சமூகத்தின் மொத்த விதியும் எழுதப்பட்டிருந்தது. முகப்பை மீட்டெடுப்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்து மீட்டெடுத்தால் நல்லது.

*

நடப்பதற்கான உரிமை நமக்கு யாரும் வரைபடத்தில் போட்டுக் கொடுத்ததல்ல. ஒவ்வொரு அடியும் சண்டைபோட்டு வாங்கியது.

சம்பா கோயிலை எடுத்துக்கொள்வோம். அன்றைய ஏசுசபைக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. தேவனுக்கு முன்னால் எல்லோரும் சமம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி சமம். சேரி மக்கள் இதை எதிர்த்துக் கேட்டார்கள். 1745-ல் பாதிரியார் சுவரை எடுக்க வேண்டியதாயிற்று. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். இதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நமக்காக எழுதவில்லை; ஊரில் நடந்த களேபரம் என்று எழுதினார். ஆனாலும் எழுத்தில் நின்றுவிட்டது. பிரஞ்சுப் புரட்சிக்கு நாற்பத்து நாலு வருஷம் முன்னால் புதுவைச் சேரி மக்கள் சமத்துவம் கேட்டார்கள் என்பது நம் பள்ளிக்கூடப் பாடத்தில் எங்கே இருக்கிறது?

1873-ல் இன்னொரு சம்பவம். பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய மாதிரி ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு புதுவை நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி வாதாட விடவில்லை. விஷயம் பாரீசு உச்ச நீதிமன்றம் வரை போய் பொன்னுத்தம்பி பக்கம் தீர்ப்பானது. படித்த வழக்கறிஞர் காலில் ஷூ போடுவதற்கே பாரீசு வரை போகவேண்டியிருந்தது என்றால், சேரிக்காரன் காலுக்குச் செருப்பு வர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்?

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கில ஆட்சியின் சென்னை மாகாணத்தில், இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதிலும் எந்தச் சாதியாரும் போகலாம் வரலாம் என்பது சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே வருஷம்தான் வைக்கம். கோயிலுக்குள்ளே போகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்க. 1925 நவம்பர் வரை அந்தப் போராட்டம் நீண்டது. 'தெருவில் நடக்கலாம்' என்று ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்த தேசம் இது. இந்தத் தேசத்தில் நடைபாதைக்கு எத்தனை அடி அகலம் என்று கணக்குப் போடுகிறவர்கள், முதல் அடியை யார் எடுத்து வைத்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

மேற்கே இந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதையும் பார்க்கலாம். கோபன்ஹேகனில் 1962-ல் ஒரு கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டார்கள். யான் கேல் போன்றவர்கள் அதிலிருந்து ஒரு சிந்தனையையே வளர்த்தெடுத்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1961-ல், அமெரிக்க நகரங்களைப் பற்றிய தம் நூலை ஜேன் ஜேக்கப்ஸ் வெளியிட்டார். நியூயார்க்கில் ஏழை எளியவர்கள் குடியிருந்த பகுதிகளை இடித்து அகலச் சாலை போட்ட அதிகாரத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர் அவர். வீடும் கடையும் வேலையும் நடை தூரத்தில் கலந்து கிடக்கிற தெருதான் உயிருள்ள தெரு என்றார். சன்னலிலிருந்தும் கடை வாசலிலிருந்தும் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கண்கள்தான் பாதுகாப்பு என்றார்.

இதில் பாதி நமக்குச் சொந்தமான விஷயம். வைத்திக்குப்பத்துச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் வலை, வாசலில் சமையல், வாசலில் சீட்டு, வாசலில் சண்டை. பிள்ளைகள் தெருவில்தான் வளர்கின்றன. எந்த நிபுணரும் வந்து வடிவமைக்கவில்லை. சேரிகளும் இப்படித்தான். 'மக்களை மையமாகக் கொண்ட குடியிருப்பு' என்று இப்போது பெயர் வைக்கிறார்களே, அதை இடமில்லாத கொடுமையில் நாம் எப்போதோ கட்டிவிட்டோம். (அதற்காக நெரிசலைக் கொண்டாட வேண்டியதில்லை. சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராத இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்த அழகின் விலை தெரியும்.)

மறுபாதியில்தான் சிக்கல். 'தெருவின் கண்கள்' என்பது நமக்குப் பாதுகாப்பா? இந்தியத் தெருவில் அந்தக் கண்கள் சாதியின் கண்கள். "யாருப்பா நீ, எந்தத் தெரு, யாரு மவன்?" என்று கேட்கிற கண்கள். காதலித்துக் கைகோத்து நடந்த பிள்ளைகளை வீட்டுக்குக் காட்டிக்கொடுத்த கண்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் நம்மவர்கள் நிம்மதியாக இருந்ததே இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் அத்தனை கடுமையாக மறுத்துப் பேசியது இதனால்தான். நகரம் நமக்குத் தந்த மிகப் பெரிய சுதந்திரம், யாரென்று தெரியாத ஒருவராக நடந்துபோக முடிவது. எனவே 'அக்கம்பக்கத்தார் கூடி வாழும் பழைய தெரு' என்று யாராவது உருகினால் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடை தூரத்தில் எல்லாம் இருக்கிற தெரு நமக்கும் வேண்டும். அது அக்கிரகாரத்தின் மறுபதிப்பாகிவிடக்கூடாது.

*

மறுபடி வைத்திக்குப்பத்துக்கு வருவோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீனவர்கள் தலித்துகள் அல்லர். அட்டவணைச் சாதிப் பட்டியலில் இல்லை. குப்பத்தையும் சேரியையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது இருவருக்கும் நியாயமாகாது. குப்பத்துக்கும் சேரிக்கும் இடையில் சாதி இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நகரம் இருவரையும் வைத்திருக்கும் இடம் ஒன்றே. அது விளிம்பு. இருவரும் சேர்ந்து பேச அந்த ஒரு காரணம் போதும்.

மீனவர்களுக்குத் தெரு என்பது வீட்டுக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலை அல்ல, கரைதான். கட்டுமரம் நிற்பது கரையில், வலை காய்வது கரையில், கருவாடு காய்வது கரையில், பஞ்சாயத்துப் பேசுவது கரையில், பிள்ளைகள் விளையாடுவதும் கரையில். அந்தக் கரை போய்விட்டது.

எப்படிப் போனது? நம் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நகர்ந்து வந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரைக்கு மணல் வரத்து நின்றது. கடல் மட்டும் தின்றுகொண்டே வந்தது. நகரத்தின் முன்பக்கம் கரைந்தபோது கருங்கற்களைக் கொட்டினார்கள். நகரம் தப்பியது. அரிப்பு வடக்கே தள்ளிப்போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று குப்பம் குப்பமாக ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கும் போனது. அங்கேயும் கல். கல்லின் மேல் கட்டுமரம் ஏறுமா? கல்லின் மேல் வலை விரியுமா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சுவரும் கல்லும் இருந்ததால் நகரத்தின் மையப் பகுதி தப்பித்தது என்று எல்லோரும் எழுதினார்கள். குப்பங்களுக்குள் தண்ணீர் ஏறியது. சுவர் யாருக்காக எங்கே முடிகிறது என்பதைக் கடல் ஒரே காலையில் காட்டிவிட்டுப் போனது.

இன்னொன்றும் நடந்தது. விசைப்படகுகள் இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்தான் மீன் இறக்குகின்றன. வீட்டு வாசலில் மீன் இறங்கிய காலத்தில் பெண்கள் கரையில் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தார்கள். இப்போது விடியற்காலையில் ஊரின் தென்கோடிக்குப் போய் மீன் எடுத்து வரவேண்டும். ஆட்டோவுக்குக் காசு. பஸ்ஸில் கூடையோடு ஏறினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். துறைமுகம் மணலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் நடை தூரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. எந்தத் திட்ட அறிக்கை இந்தத் தூரத்தை அளந்தது?

அதே காலகட்டத்தில் கடற்கரைச் சாலை அழகானது. மாலையிலிருந்து காலைவரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் காற்று வாங்குகிறார்கள். குப்பத்துப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும்கூட வந்து ஓடி ஆடுகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காசு கொடுக்காமல் காலாற நடக்க ஏழைக்கு இருக்கிற ஒரே இடம் அது. 2018-19 வாக்கில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. அங்கே மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. அதாவது, கரையை மீட்க முடியும். முதலில் மீட்க வேண்டிய கரை எது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. உலாவுகிற கால்களுக்கு மணல் முன்னால் வந்தது. உழைக்கிற கால்களுக்குக் கல்தான் மிச்சம்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் நகரம் மொத்தமும் வைத்திக்குப்பத்துக்கு நடந்து வரும். மாசி மகம். மயிலம், தீவனூர், திண்டிவனம், செஞ்சி என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்கு வருகின்றன. போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், தண்ணீர் வைக்கிறார்கள், தற்காலிகக் கழிப்பிடம் வைக்கிறார்கள். சாமி நடக்க ஒருநாளில் செய்ய முடிகிற ஏற்பாட்டை, மனுஷி நடக்க மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் ஏன் செய்ய முடியவில்லை?

*

இது புதுவையின் கதை மட்டுமல்ல. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. அந்தப் பெயர் பாண்டிச்சேரியால் வந்ததல்ல, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரால் வந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டவர் அவர். அப்பேர்ப்பட்டவர் பெயரிலுள்ள தெரு அழகானது. அதற்கு முன்னால், 2013-ல், அங்கே நடைபாதையில் பிழைத்த வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பியிருந்தார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நகரம் ஒரு கையால் நடைபாதை போட்டது. இன்னொரு கையால் நடக்கிறவர்களை அப்புறப்படுத்தியது. நொச்சிக்குப்பத்தில் மீனவர் கரையின் குறுக்கே சாலை வந்தது. பிறகு 2023 ஏப்ரலில் சாலையோரம் மீன் விற்ற பெண்களின் கடைகளே ஆக்கிரமிப்பு ஆயின. வைத்திக்குப்பம் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'உங்களுக்காக' என்று வருகிற சாலை நாளைக்கு உங்களையே குறுக்கே நிற்பவர் என்று சொல்லலாம்.

அப்படியானால் நடைபாதையே வேண்டாமா? வேண்டும். நம்மைவிட அதிகமாக நடப்பவர்கள் யார்? காரில்லாதவன்தான் நடக்கிறான். சாலையில் அடிபட்டுச் சாகிறவனும் அவன்தான். எனவே இந்தக் கோரிக்கையை நிபுணர்களிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. நாமே எழுத வேண்டும்.

முதலில், இருக்கிற இடத்திலேயே மனைப்பட்டா. நடை தூரத்தில் எதை வைத்தாலும், நடக்கிறவனைப் பெயர்த்துவிட்டால் அதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது, கரையும் தெருதான் என்று வரைபடத்தில் ஒப்புக்கொள்வது. படகு நிற்கவும் வலை காயவும் மணலை மீட்டுத் தருவது. மூன்றாவது, மீன் எடுக்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் விடியற்காலையில் கூடையோடு ஏறக்கூடிய பஸ். மார்க்கெட்டில் தண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை. நான்காவது, 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிற குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாகவும், அதில் மூன்றிலொருவர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அதைக் காகிதத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவருவது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கடை விரித்து அந்த வீதியையே நடப்பவர்களுக்கு ஆக்கிவிடுகிற சண்டே மார்க்கெட்காரர்களைவிடப் பெரிய நகரத் திட்ட நிபுணர் யார்? ஐந்தாவது, சேரிக்கும் குப்பத்துக்கும் நல்ல சாலை போட்டு அங்கேயே முடித்துவிடாமல், அந்தச் சாலை ஊர்த் தெருவோடு சேர வேண்டும். துண்டாக நிற்கிற நல்ல தெருவும் ஒரு சேரிதான்.

கூட்டத்தில் காட்டிய படங்களைப் பற்றி ஆயாவிடம் இன்னும் கொஞ்சம் சொன்னேன். பெஞ்சு போடுவார்கள் என்றேன். "கூடைய எறக்கி வெக்க ஒரு மேடை போடச் சொல்லு. ஏத்திவுட ஆள் தேட வேண்டியதில்ல பாரு" என்றார்.

தலைச்சுமைக்காரர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கவும் ஏற்றவும் தோள் உயரத்தில் கல் நட்டு வைத்த நாடு இது. சுமைதாங்கி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தோம். சாலைகள் அகலமானபோது அவை எங்கே போயினவென்று யாரும் கேட்கவில்லை. புதுவையில் அடுத்து எந்த நடைபாதைக்கு வரைபடம் போட்டாலும், அதில் ஒரு சுமைதாங்கி இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அந்தத் தெரு யாருக்காக என்று நமக்குத் தெரியும்.